இரண்டு கால்ஃப் மைதானங்களும் ஒரு கார் சாவியும்

போன செப்டம்பர் கடைசியில், ஒரு செவ்வாயும் புதனும், நானும் ஜமால் பாயும் ஓசூரிலிருந்து கிளம்பி இரண்டு தனியார் கால்ஃப் மைதானங்களில் ஆடிவிட்டு வந்தோம். பெங்களூர் வரை போகாமல் நம் பக்கத்திலேயே ஆட இடம் உண்டா என்று சிலர் கேட்டிருந்ததால் இதை எழுதுகிறேன். இரண்டு இடங்களுமே பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். போகும் வழி, கட்டணம், நேரம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். உறுப்பினர் ஒருவரைத் தெரிந்தால் மற்றது தானாக நடக்கும்.

கிளம்பியதற்கு உண்மையான காரணம் கால்ஃப் இல்லை. பாயின் மகள் நசீமா வாணியம்பாடியில் இருக்கிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் காலாண்டு விடுமுறை. புதன்கிழமை மாலை போய் அவர்களைக் காரில் ஓசூருக்கு அழைத்து வர வேண்டும். "சும்மா எதுக்கு சார் நூறு கிலோமீட்டர் காலியா போறது? வழியில ரெண்டு எடத்துல ஆடிட்டுப் போலாம்" என்றார். நான் வழக்கம்போல ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றேன்.

எங்களைப் பற்றி ஒரு வரி. ஜமால் பாய்க்கு அறுபத்தெட்டு வயது. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு பேரிங்கும் கருவிகளும் விற்ற கடைக்காரர். கொள்முதல் மேலாளர்கள் கால்ஃப் ஆடினார்கள் என்பதற்காகக் கற்றுக்கொண்டவர். எனக்கு எழுபத்தொன்று. ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த பொறியாளர்களுக்கு கால்ஃப் ஆட நான்காவது ஆள் குறைந்ததால் என்னை இழுத்துப் போனார்கள். இருபது வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடுகிறோம். நான் இன்னும் நன்றாக ஆடவில்லை.

செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்கு மூக்கண்டப்பள்ளியில் என் வீட்டு வாசலில் பாய் ஹாரன் அடித்தார். மத்திகிரி தாண்டி தேன்கனிக்கோட்டை சாலையில் பத்தொன்பது கிலோமீட்டர். மைதானம் ஒரு பங்களாக் குடியிருப்புக்குள் இருக்கிறது. ஒன்பது குழிகள், இரண்டு சுற்று ஆடினால் பதினெட்டு. வார நாளில் ஒருவருக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பையைத் தூக்கி வழிகாட்டும் கேடிக்கு ஐந்நூறு தனி. ஏழு மணிக்குத் திறப்பார்கள் என்று எழுதியிருக்கும், அதை நம்ப வேண்டாம். யானைகள் காட்டுக்குத் திரும்பிவிட்டன என்று வனக் காவலர்கள் போனில் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். எங்களுக்கு ஏழே காலுக்குத் திறந்தது.

அன்று எங்களுக்குக் கேடியாக வந்தவர் மாதேஷ். நாற்பது வயதிருக்கும். முன்பு ஒரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாராம். முதல் குழிக்கே எங்கள் இருவருடைய ஆட்டத்தையும் எடைபோட்டுவிட்டார். "சார் மெதுவா நேரா போறாரு, பாய் வேகமா எங்கியோ போறாரு" என்றார்.

இந்த மைதானத்துக்கென்று ஒரு தனி விதி உண்டு. ஸ்கோர் அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறார்கள். பந்து புதிய யானைத் தடத்தில் விழுந்தால் அபராதம் இல்லாமல் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஆடலாம். வேறெங்கும் நான் இப்படி ஒரு விதியைப் பார்த்ததில்லை. இரண்டாவது சுற்றின் ஏழாவது குழியில் பாயின் பந்து ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

"யானைத் தடம். எடுத்து வைக்கிறேன் சார்."

"பாய், இது பழசு. மணல் போட்டு மூடியிருக்காங்க பாருங்க. விதியில புதுத் தடம்னு இருக்கு."

"யானைக்குப் பழசு புதுசு ஏது? அதே கால்தானே?"

நான் மாதேஷைப் பார்த்தேன். "என்னைக் கேட்டா எப்படிங்க சார்? அது வந்தப்போ நான் வூட்ல தூங்கிட்டு இருந்தேன். வேணும்னா இன்னிக்கு ராத்திரி இருந்து நீங்களே கேட்டுட்டுப் போங்க" என்றார்.

பாய் பள்ளத்திலிருந்தே அடித்தார். வெளியே வர மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. அந்தக் குழியில் வெற்றி எனக்கு. அட்டையில் எழுதும்போதே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்குவது கால்ஃபில் வழக்கம். எங்களுக்குள் அது ஒருமுறை கூடத் தவறியதில்லை. கடைசிக் குழியில் பாய் மாதேஷோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இடப்பக்கமாக வந்து கையை நீட்டினேன். அவர் திரும்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். என் கை அங்கேயே நின்றது. மாதேஷ் பார்த்துவிட்டார். அதைத் தொப்பியைச் சரிசெய்வது போல மாற்றிக்கொண்டேன்.

மதியம் பன்னிரண்டரைக்குக் கிளம்பி கெலமங்கலம், ராயக்கோட்டை வழியாக கிருஷ்ணகிரி. சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். நெடுஞ்சாலையை விட இது நல்ல வழி. ஆனால் ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றும் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டிருக்கும். பாய் வழி முழுக்கச் சாலையின் நடுவிலேயே ஓட்டினார். தக்காளி வண்டிகளுக்காக ஒதுங்குகிறார் என்று நினைத்தேன். நான் பேசவில்லை. அவர் பேசியதற்கும் ஓரிரு வார்த்தையில் பதில் சொன்னேன்.

கிருஷ்ணகிரியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்டில் அறை ஆயிரத்து அறுநூறு. சுத்தமாக இருந்தது, வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். இரவுச் சாப்பாட்டின்போது தைரியத்தைத் திரட்டி, "பாய், அந்தத் தடம் விஷயத்துல நான் அவ்வளவு பிடிவாதம் பிடிச்சிருக்கக் கூடாது" என்றேன்.

"எந்தத் தடம்?" என்றார் பாய், பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே.

இன்னும் கோபம் போகவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

புதன் காலை ஆறரைக்குக் கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகே ஒரு டீக்கடை. பாயின் வலப்பக்கம் நின்று நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பாயின் இடப்பக்கத்திலிருந்து கிளாஸை நீட்டினார். பாய் இரைச்சலோடு போகும் லாரிகளைப் பார்த்தபடி நின்றார்.

"பாய். டீ பாய். பாய்! விரலு வேகுது பாய்!"

பாய் திடுக்கிட்டுத் திரும்பி வாங்கிக்கொண்டார். "மெதுவா பேசினா எப்படி கேக்கும்?" என்று கடைக்காரரையே திட்டினார். கடைக்காரர் மெதுவாகப் பேசவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. லாரி இரைச்சலில் குரல் கேட்காவிட்டாலும், கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி நீட்டிய கிளாஸும் அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நேற்று அவர் என் கையைத் தட்டிவிடவில்லை, பார்க்கவே இல்லை. அந்த நிம்மதி டீ முடியும் வரைக்கும்தான் இருந்தது. பார்க்கவில்லை என்றால் வேறு எதையெல்லாம் பார்க்கவில்லை?

பர்கூர் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர். பாதி வழியில் இடப்பக்கச் சர்வீஸ் சாலையிலிருந்து ஒரு பழைய மொபெட், பின்னால் பால் கேனோடு, நெடுஞ்சாலையில் ஏறியது. நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பாய் பிரேக்கைத் தொடவில்லை. கடைசி நொடியில் நான் கத்தினேன். ஸ்டியரிங்கை வெட்டினார். பால்காரர் மண்ணில் இறங்கி நின்று தெலுங்கில் ஏதோ சொன்னார். மொழி தெரியாவிட்டாலும் அர்த்தம் புரிந்தது.

"பார்த்தீங்களா சார், கண்ணை மூடிட்டு வர்றான்" என்றார் பாய்.

எனக்கு என் மேலேயே சந்தேகம். நான் எப்போதுமே பயந்த பயணி. ஒரு டீ, ஒரு மொபெட், இதை வைத்து ஒரு மனிதனுக்குப் பார்வை சரியில்லை என்று சொல்லிவிட முடியுமா? பாயின் மனைவி தவறி மூன்று வருடமாகிறது. அவர் வாராவாரம் வாணியம்பாடி போய் வருவது அந்தக் காரில்தான். தவறாகச் சொன்னால் அவமானம். சொல்லாமல் விட்டால் மாலையில் அந்தக் காரின் பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள்.

பர்கூர் மைதானத்தை ஒரு கிரானைட் குவாரி உரிமையாளர் தன் நண்பர்களுக்காகப் போட்டிருக்கிறார். ஒன்பது குழிகள்தான். விருந்தினருக்கு ஆயிரத்து இருநூறு, கேடி உட்பட. கைவிட்ட குவாரிப் பள்ளம் ஒன்றில் தண்ணீர் நிற்கிறது. நான்காவது குழியில் அதைத் தாண்டி அடிக்க வேண்டும். நான் இரண்டு பந்துகளைத் தண்ணீரில் விட்டேன். பாய் சுத்தமாகத் தாண்டினார். அன்று அவர் ஆடிய ஆட்டத்தை நான் வருடக்கணக்கில் பார்த்ததில்லை. ஒவ்வொரு நல்ல அடிக்கும் என் சந்தேகம் பலவீனமானது. பார்வை போனவர் இப்படி அடிப்பாரா?

அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை க்ரீன் என்பார்கள். அங்கே ஒருவர் பந்தைக் குழிக்குள் உருட்டத் தயாராகும்போது மற்றவர்கள் அசையக் கூடாது, இருமக் கூடாது, நிழல் கூட அவர் வழியில் விழக் கூடாது. பாய் இதில் மிகவும் கறார். ஒருமுறை என் சட்டைப் பையில் சில்லறை குலுங்கியதற்கு ஒரு வாரம் சொல்லிக் காட்டினார்.

இரண்டாவது சுற்றின் மூன்றாவது குழியில், அவர் குனிந்து பந்தைப் பார்க்கத் தொடங்கியதும், நான் அவருடைய இடது தோளுக்கு நேராக, இரண்டடி தள்ளிப் போய் நின்றேன். தொப்பியைக் கழற்றி மெதுவாக ஆட்டினேன். அவர் நிமிரவில்லை. பந்து குழிக்குள் விழுந்தது. அந்த மைதானத்துக் கேடி, ஒரு பெரியவர், என்னை வெயில் தாக்கியவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஒரு அளவை நம்பக் கூடாது. ஐந்தாவது குழியில் திரும்பவும், இன்னும் வேகமாக. அசையவில்லை. ஏழாவதில் பக்கத்தை மாற்றி வலப்புறம் நின்று ஆட்டினேன்.

"சார்! என்ன பண்றீங்க? கொசுவா?" என்று சட்டென்று நிமிர்ந்தார்.

"ஆமா பாய்."

எட்டாவதில் மறுபடி இடப்பக்கம். ஒன்றுமில்லை. அந்தச் சுற்றில் நான் என் ஆட்டத்தை எண்ணவே இல்லை.

பதினெட்டுக் குழிக்கும் பாய் எண்பத்தாறு அடி; கால்ஃபில் எண்ணிக்கை குறையக் குறைய நல்லது. பத்து வருடத்தில் அவருக்கு அதுதான் சிறந்தது. அட்டையைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். "தாத்தா சாம்பியன்னு பசங்ககிட்ட சொல்லு" என்று குரல் செய்தியும் போட்டார். நான் காரின் பக்கத்தில் நின்றேன்.

"பாய், சாவியக் குடுங்க. நான் ஓட்டறேன்."

சிரித்தார். "நீங்களா? பச்சை விளக்கு விழுந்தா பயப்படுற ஆளு நீங்க."

"ஆமா. குடுங்க."

"என்னாச்சு சார்? ஒடம்பு சரியில்லையா?"

"உங்களுக்கு இடது பக்கம் தெரியல பாய்."

சிரிப்பு நின்றது. "எண்பத்தாறு அடிச்சிருக்கேன். கண்ணு தெரியாதவன் அடிக்கிற அடியா அது?"

"பந்து தெரியுது. பக்கத்துல வர்றதுதான் தெரியல." டீயைச் சொன்னேன், மொபெட்டைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். பிறகு தொப்பியைச் சொன்னேன்.

"எந்தக் குழியில?"

"மூணு, அஞ்சு, எட்டு."

"நான் பந்தை உருட்டறப்பவா?"

"ஆமா."

அவர் என் தொப்பியைப் பார்த்தார். "எச்சில் முழுங்கறதுக்குக் கூட ஒதுங்கிப் போற மனுஷன் நீங்க. என் பக்கத்துல நின்னு தொப்பி ஆட்டினீங்களா?"

"ஆட்டினேன்."

டீயும் மொபெட்டும் செய்யாததை அது செய்தது என்று நினைக்கிறேன். அவர் குரல் இறங்கியது. ஆனால் நாற்பது வருடம் பேரிங் விற்றவர், உடனே பேரத்துக்கு வந்தார். "சரி. நாட்றம்பள்ளி வரைக்கும் நான், அப்புறம் நீங்க."

"இல்ல பாய்."

"சரி, வாணியம்பாடி வரைக்கும். பசங்க ஏறினதும் நீங்க ஓட்டுங்க. நீங்க பயப்படறது பசங்களுக்காகத்தானே?"

நியாயமாகத்தான் இருந்தது. தலையாட்டும் நிலைக்கு வந்துவிட்டேன். வழியில் பால் கேனோடு யாராவது ஏறுவார்களே என்று அப்போதுதான் தோன்றியது. "அப்படின்னா நான் ஏறல" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் காவலாளியின் அறைக்கு வெளியே கிடந்த கிரானைட் கல்லின் மேல் உட்கார்ந்தேன். கல் சுட்டது. எழுந்தால் விட்டுக்கொடுப்பதாகிவிடும் என்று உட்கார்ந்தே இருந்தேன்.

காவலாளி எட்டிப் பார்த்தார். "என்னங்க சார், வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"

"வண்டி ஆகும். சார்தான் ஸ்டார்ட் ஆக மாட்டேங்கறாரு" என்றார் பாய் அங்கிருந்தே.

பிறகு பாய் சாவியைச் செருகிவிட்டு, காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டையும் போட்டுக்கொண்டார். நான் அவருடைய காரில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

பர்கூரிலிருந்து வாணியம்பாடி முப்பது கிலோமீட்டர். ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் நான் ஓட்டி ஆறு வருடமாகிறது. கைகள் வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. கண்டெய்னர் லாரிகள் தாண்டும்போதெல்லாம் கார் ஒரு பக்கமாக இழுப்பது போல இருந்தது. பாய் வழியில் ஒரே ஒரு வார்த்தை பேசினார்: "கியர்."

நசீமா வாசலுக்கு வந்து என் பக்கக் கதவையே பார்த்தாள். "என்ன அங்கிள், நீங்க ஓட்டிட்டு வர்றீங்க?"

"சாருக்கு ஹைவே பழகணுமாம். எத்தனை நாளைக்கு நானே டிரைவர் வேலை பார்க்கறது?" என்றார் பாய். நசீமா என்னைப் பார்த்தாள். நான் அவள் கொடுத்த சர்பத்தைக் குடித்தேன். அவளிடம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை.

திரும்பும் வழி நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு மணிக்குக் கிளம்பினோம். அறுபதைத் தாண்டவில்லை. பின் இருக்கையில் இருந்த பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் போகும் வண்டிகளை எண்ணி விளையாடினார்கள். சூளகிரிக்கு வருவதற்குள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். "தாத்தா, வைக்கோல் வண்டி கூட நம்மள ஓவர்டேக் பண்ணுது" என்று பெரியவன் முறையிட்டான். ஓசூரில் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்திச் சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் நகரப் பேருந்தில் வீட்டுக்கு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இரண்டு இடங்களுக்கும் ஒரு வாரம் முன்பே உறுப்பினர் மூலம் சொல்லி வைக்க வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலை ஆறுக்கு முன் அந்தச் சாலையில் போகாதீர்கள். பர்கூரில் நிழல் இல்லை. குடிநீர் கொண்டுபோங்கள், பதினோரு மணிக்குள் முடித்துவிடுங்கள், பழைய பந்துகளையே எடுத்துப் போங்கள், குவாரித் தண்ணீர் திருப்பித் தராது. பெட்ரோல், சுங்கம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆறாயிரத்துக்குள் முடிந்தது. இருவர் போனால் இருவருக்கும் கார் ஓட்டத் தெரிந்திருக்கட்டும். அறுபது தாண்டியவர்கள் வருடம் ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வைத்தியம் தெரியாது. பந்து தெளிவாகத் தெரிகிறது என்பது மட்டும் போதாது என்று இந்தப் பயணத்தில் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஒரு கால்ஃப் கட்டுரையில் எழுதலாமா என்று ரொம்பத் தயங்கினேன். பாயிடம் படித்துக் காட்டினேன். பெயர்களை மாற்றிவிட்டு, எண்பத்தாறை மட்டும் மாற்றாமல் போடச் சொன்னார்.

ஊர் திரும்பிய அந்தப் புதன் இரவிலிருந்து அவரிடமிருந்து சத்தமே இல்லை. நானும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் திரும்பக் கொண்டு விட வேண்டும். அவரே ஓட்டிக்கொண்டு போனால் நான் என்ன செய்வேன் என்று யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. நசீமாவின் எண்ணை இரண்டு முறை எடுத்துவிட்டு வைத்தேன். சனிக்கிழமை மதியம் போன் வந்தது.

"சார், நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?"

"எங்க பாய்?"

"எங்கயா? பசங்களைக் கொண்டு விட வேணாமா? திங்கட்கிழமை கண்ணு ஆஸ்பத்திரிக்கும் நீங்கதான் வரணும். நசீமாகிட்ட நேத்தே சொல்லிட்டேன், அவ ஒரு மூச்சு அழுது முடிச்சிட்டா."

"ஒன்பது மணிக்கு வர்றேன் பாய்."

"ஆறு மணிக்கு வாங்க. நீங்க ஓட்டற வேகத்துக்கு ஒன்பதுக்குக் கெளம்பினா, நாம போய்ச் சேர்றதுக்குள்ள பள்ளிக்கூடம் தொறந்துடும்."